இறைக்கொள்கையும் கூட்டுக் கேள்வியும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். இறைக்கொள்கைப் பாடம் தொடங்கினால் வருஷா வருஷம் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. பிள்ளைகளை விட்டுச்செல்ல வரும் தாய் தகப்பன்மாரும், சந்தைப் பக்கம் கடை வைத்திருப்பவர்களும், கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை செய்பவர்களும் அதையே கேட்கிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இது பரீட்சைக்கு மட்டுமான பாடமாக இல்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே இருக்கின்றன.

இறைக்கொள்கை எண்டா என்ன சேர்? பட்ஜெட்டைத்தான் அப்பிடிச் சொல்லுறதா?

யாரிடம் எவ்வளவு வரி எடுப்பது, எதற்கு எவ்வளவு செலவழிப்பது, போதாததை எங்கே கடன் வாங்குவது. அரசாங்கம் எடுக்கும் இந்த மூன்று முடிவுகளும் சேர்ந்ததுதான் இறைக்கொள்கை. பட்ஜெட் என்பது அதன் ஒரு வருடத் திட்டம். பட்ஜெட் நாளுக்கு வெளியிலும் இறைக்கொள்கை மாறும். 2022இல் வற் வரி (பெறுமதி சேர் வரி, வாங்கும் பொருளின் விலையோடு சேர்ந்து வருவது) ஜூன் 1ஆம் திகதி 8இலிருந்து 12 சதவீதமாகவும், செப்டம்பர் 1ஆம் திகதி 15 சதவீதமாகவும் ஏறியது. இரண்டும் வருடத்தின் நடுவில் நடந்தவை.

வட்டி வீதத்தை ஏற்றுவதும் இறக்குவதும் மத்திய வங்கியின் வேலை. அது நாணயக் கொள்கை. இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனால் ஒன்று மற்றதை எப்படி இழுத்துக்கொண்டு போகும் என்பதைக் கீழே 2019 பற்றிய பதிலில் பார்க்கலாம்.

கூட்டுக் கேள்வி எண்டு சொல்லுறீங்களே, அது ஆர்ட கேள்வி?

எல்லாருடையதும். இங்கே கேள்வி என்றால் வினா இல்லை, பொருளுக்கான கிராக்கி. நாட்டில் உற்பத்தியாகும் பொருட்களையும் சேவைகளையும் வாங்குவதற்கு ஒரு வருடத்தில் எல்லாருமாகச் செலவழிக்கும் மொத்தத் தொகை அது. நான்கு பகுதி இருக்கிறது: நுகர்வு, முதலீடு, அரச கொள்வனவு, ஏற்றுமதியில் இறக்குமதியைக் கழித்து வரும் மீதி. உவர்மலையில் ஒரு குடும்பம் மீன் வாங்கினால் நுகர்வு. நிலாவெளியில் ஒருவர் விருந்தினர் விடுதிக்கு இன்னும் நாலு அறை கட்டினால் முதலீடு. ஆஸ்பத்திரித் தாதியின் சம்பளம் அரச கொள்வனவு, ஏனென்றால் அரசு அவருடைய சேவையை வாங்குகிறது.

பிள்ளைகள் பிழைவிடுவது நாலாவதில்தான். உப்புவெளியில் தங்கும் வெள்ளைக்காரப் பயணி அறைக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்கும் காசு நமக்கு ஏற்றுமதி வருமானம். பொருள் கப்பல் ஏற வேண்டும் என்றில்லை. சீனக்குடாவில் பிறீமா ஆலைக்கு வந்து இறங்கும் கோதுமை இறக்குமதி. ஆகவே நீங்கள் வாங்கும் ஒரு றாத்தல் பாணின் விலை முழுவதும் உள்நாட்டுக் கேள்வி இல்லை. அதில் ஒரு பங்கு கோதுமை விளைந்த நாட்டுக்குப் போகிறது.

கவுண்மேந்து ஆக்களுக்குத்தானே சம்பளம் கூடினது. எனக்கு ஏன் வியாபாரம் கூடுது?

பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர் கேட்டது. பதில் அவருடைய மேசையிலேயே இருந்தது. 20ஆம் திகதி அளவில் அவருடைய கடன் கொப்பியைத் திறந்தால் பக்கம் நிறைந்திருக்கும்: ‘ரீச்சர் – பருப்பு 1, சீனி 2, சோப்’, ‘கச்சேரி அண்ணை – அரிசி 10, தேங்காய் 4’. 25ஆம் திகதியை ஒட்டிச் சம்பளம் விழுந்ததும் ஒவ்வொரு வரியிலும் நீலப் பேனாவால் குறுக்கே கோடு விழும். அடுத்த மாதம் 10ஆம் திகதி அளவில் ஓய்வூதியகாரர்களின் வரிகள் வெட்டுப்படும். அந்தக் கோடுகள் விழுந்த பிறகுதான் அவர் மொத்த வியாபாரிக்குக் கட்டுகிறார், கடைப் பெடியனுக்குக் கொடுக்கிறார்.

திருகோணமலை ஒரு மாவட்டத் தலைநகர் மட்டுமில்லை, கிழக்கு மாகாண நிர்வாகத்தின் தலைமையிடமும் இங்கேதான். திணைக்களங்கள், வைத்தியசாலை, பல்கலைக்கழக வளாகம், படைமுகாம்கள் என்று அரச சம்பளம் வந்து விழும் கைகள் இங்கே அதிகம். 2025 பட்ஜெட்டில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயரும் என்று அறிவித்து, அதை மூன்று வருடத்தில் படிப்படியாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த முடிவு கொழும்பில் எடுக்கப்பட்டது, ஆனால் அதன் இரண்டாவது சுற்று நடப்பது இந்தக் கடை மேசையில்.

பெருக்கி 5 எண்டு கணக்கு வருது. உண்மையா ஒரு ரூபா அஞ்சு ரூபா ஆகுமா?

ஆகாது. பெருக்கி என்பது கூடுதலாகச் செலவாகும் ஒரு ரூபா கடைசியில் மொத்தக் கேள்வியை எத்தனை ரூபாவால் கூட்டும் என்ற எண். அந்த 5 எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒருவருக்குக் கூடுதலாக 100 ரூபா கிடைத்தால் 80ஐச் செலவழிப்பார் என்று வைக்கிறோம். எல்லை நுகர்வு நாட்டம் 0.8. அந்த 80ஐப் பெற்றவர் 64ஐச் செலவழிப்பார், அடுத்தவர் 51 சொச்சம். எல்லாம் கூட்டினால் 500. சமன்பாட்டில் 1ஐ 0.2 ஆல் பிரிப்பதும் அதுதான். இந்த யோசனையை 1931இல் றிச்சர்ட் கான் எழுதினார், 1936இல் கெயின்ஸ் அதைத் தன் கோட்பாட்டின் நடுவில் வைத்தார்.

ஆனால் அந்தக் கணக்கில் வரியும் இல்லை, இறக்குமதியும் இல்லை. இப்போது போட்டுப் பார்ப்போம். 100 ரூபாயில் 15 வரியாகப் போகிறது என்று வையுங்கள். மிச்சம் 85இல் 80 சதவீதம், அதாவது 68 செலவாகிறது. அதில் 25 ரூபா பால்மா, பெற்றோல், போன் ரீலோட், உடுப்பு என்று இறக்குமதிக்குப் போகிறது. உள்ளூரில் அடுத்தவர் கைக்கு வருவது 43தான். 1ஐ 0.57 ஆல் பிரித்தால் பெருக்கி ஏறக்குறைய 1.75. இவை நான் எடுத்த எண்கள்தான், ஆனாலும் 5 எப்படி 2க்குக் கீழே இறங்குகிறது என்பது விளங்கும்.

கந்தளாய்க் குளத்தில் திறந்துவிடும் தண்ணீர் கடைசி வயலுக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பது வாய்க்காலில் எத்தனை உடைப்பு என்பதைப் பொறுத்தது. பெருக்கியும் அப்படித்தான். சேமிப்பு, வரி, இறக்குமதி ஆகிய மூன்றும்தான் உடைப்புகள். நம்முடைய நாட்டில் ஆகப் பெரிய உடைப்பு இறக்குமதி என்பது என் கருத்து. இதை மனதில் வைத்திருங்கள், கீழே பல பதில்களுக்கு இதுதான் அடி.

அஸ்வெசும காசு அரச செலவுக்குள்ள வராது எண்டு புத்தகம் சொல்லுது. அரசுதானே குடுக்குது?

அஸ்வெசும என்பது வறிய குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் கொடுக்கும் நலன்புரிக் காசு. திறைசேரியின் கணக்கில் அது செலவுதான். ஆனால் கூட்டுக் கேள்விச் சமன்பாட்டில் உள்ள அரச கொள்வனவுக்குள் வராது. அந்தக் காசுக்குப் பதிலாக அரசு எந்தப் பொருளையும் சேவையையும் வாங்கவில்லை. அது மாற்றல் கொடுப்பனவு. குடும்பம் அதைக் கொண்டுபோய் அரிசி வாங்கும்போது நுகர்வாகக் கணக்கில் ஏறும். இரண்டு இடத்திலும் எண்ணினால் ஒரே காசை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும். ஓய்வூதியமும் அரச கடனுக்கான வட்டியும் அதே மாதிரித்தான்.

வரியைக் குறைச்சாலும் செலவைக் கூட்டினாலும் விளைவு ஒண்டுதானே?

ஒன்றில்லை. அரசு 100 ரூபாவுக்கு ஒரு பாடசாலைக் கட்டடத்துக்கு வேலை கொடுத்தால் முதல் சுற்றிலேயே முழு 100ம் கேள்வியாகிறது. அதே 100ஐ வரிக்குறைப்பாகக் கொடுத்தால், கிடைத்தவர் அதில் ஒரு பங்கைச் சேமித்துவிட்டு மிச்சத்தைத்தான் செலவழிப்பார். முதல் உடைப்பு வாசலிலேயே வந்துவிடுகிறது.

அதைவிட முக்கியம், யாருடைய கையில் விழுகிறது என்பது. 2023 ஜூலையில் அஸ்வெசும தொடங்கியபோது ஆக வறிய குடும்பங்களுக்கு மாதம் 15,000 ரூபா என்று தீர்மானித்தார்கள். மூதூரில் ஒரு கூலிக் குடும்பத்துக்கு அது கிடைத்தால் மாதம் முடிவதற்குள் முழுவதும் அரிசி, மீன், மருந்து என்று ஊருக்குள்ளேயே சுழலும். அதே தொகை பெரிய சம்பளக்காரருக்கு வருமான வரிக் குறைப்பாகக் கிடைத்தால் நிலையான வைப்புக்குப் போகலாம், இல்லாவிட்டால் புதுப் போனாக மாறிச் சீனாவுக்குப் போகலாம். கேள்வியைத் தூண்டுவதுதான் நோக்கம் என்றால் காசை ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். அது இரக்கத்தின்பாற்பட்ட வாதம் மட்டுமில்லை, மேலே போட்ட கணக்கே அதைத்தான் சொல்கிறது.

100 ரூபா வரி எடுத்து அதே 100ஐ செலவழிச்சா கேள்வியில மாற்றம் வராதுதானே சேர்?

வரும். வரி கட்டியவர் அந்த 100இல் 80ஐத்தான் செலவழித்திருப்பார், அரசு 100ஐயும் செலவழிக்கிறது. முதல் சுற்றிலேயே 20 கூடிவிட்டது. சமநிலை பட்ஜெட் பெருக்கி என்று படிப்பது இதுதான். இறக்குமதி இல்லாத எளிய மாதிரியில் அந்த 20 ஐந்து மடங்காகி 100 ஆகும், அதாவது அதன் பெறுமதி 1. நோர்வேக்காரர் ஹாவெல்மோ 1945இல் இதை விளக்கினார்.

வற் எல்லாருக்கும் 18 தானே. பிறகேன் எங்களைப்போல ஆக்களுக்குத்தான் கூடச் சுடுது?

வற் வரி 2024 ஜனவரி 1ஆம் திகதி முதல் 18 சதவீதம். அது விழுவது செலவில், வருமானத்தில் இல்லை. மாதம் 40,000 உழைத்து 40,000ஐயும் செலவழிக்கும் குடும்பம், வரிவிலக்குள்ள பொருட்கள் போக மிச்சம் எல்லாவற்றிலும் அதைக் கட்டுகிறது. 4 இலட்சம் உழைத்து 2 இலட்சம் செலவழிப்பவருக்கு வருமானத்தின் பாதியை அந்த வரி தொடவே இல்லை.

வரிக்குறைப்பா செலவா என்று மேலே பார்த்த பதிலின் தர்க்கமே இங்கே தலைகீழாக வேலை செய்கிறது. கிடைத்ததையெல்லாம் செலவழிக்கும் கையிலிருந்து எடுத்தால் கேள்வி கூட விழும். இலங்கையின் வரி வருமானத்தில் பெரும்பங்கு இப்படிப் பொருட்கள் சேவைகளில் விழும் மறைமுக வரிகள்தான். இது வெகுகாலமாகவே அப்படி. எனக்கு இது சரியாகப் படவில்லை. நேரடி வரியைத் திரட்டுவது கஷ்டம் என்பது காரணம், ஆனால் அதுவே நியாயமாகிவிடாது.

2019இல வரியைக் குறைச்சாங்கள். உங்கட பாடத்தின்படி கேள்வி கூடி நாடு வளர்ந்திருக்க வேணுமே. ஏன் விழுந்தது?

எல்லாக் கேள்விகளிலும் நல்ல கேள்வி இது, ஆறுதலாகப் பார்ப்போம். 2019 டிசம்பர் 1இல் வற் 15இலிருந்து 8 சதவீதமாக இறங்கியது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டது. வருடப் புரள்வு 12 மில்லியன் ரூபாவைத் தாண்டினால் வற்றுக்குப் பதிய வேண்டும் என்றிருந்த எல்லை 300 மில்லியனுக்குப் போனது. சம்பளத்தில் வெட்டும் வரியும் 2020 தொடக்கத்தில் போய்விட்டது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்த வரி வருமானம் 8 சதவீதத்தை ஒட்டி விழுந்தது. விகிதம் குறைந்தது மட்டும் காரணம் இல்லை, வரி வலையிலிருந்தே பலர் வெளியே போனார்கள். வலையைத் திரும்ப விரிப்பது விகிதத்தைத் திரும்ப ஏற்றுவதைவிடக் கடினம்.

அப்புறம் 2020 மார்ச்சில் கொரோனா முடக்கம். கடை பூட்டியிருக்கும்போது கையில் கூடக் காசு இருந்தாலும் செலவழிக்க வழியில்லை. சுற்றுலா நின்றது, டொலர் வரத்து நின்றது. வரி வருமானம் இல்லாத நாட்டுக்கு எப்படிக் கடன் கொடுப்பது என்று வெளிநாட்டுச் சந்தை கதவைச் சாத்தியது. மிஞ்சியது உள்நாட்டுக் கடனும் மத்திய வங்கியும்தான். திறைசேரி உண்டியல்களை (அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரங்களை) மத்திய வங்கி வாங்க, புதுப் பணம் பொருளாதாரத்துக்குள் வந்தது.

இங்கேதான் இறக்குமதி உடைப்பு வருகிறது. உள்ளே கேள்வியைத் தள்ளினால் அதில் ஒரு பங்கு டொலரைத் தேடும். 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த கையிருப்பு 2021 முடிவில் 3.1 பில்லியன். அதற்குள் ரூபாவை 200ஐச் சுற்றிப் பிடித்து வைத்திருந்தார்கள். 2022 மார்ச்சில் பிடி விட்டதும் மே மாதத்துக்குள் டொலர் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம்.

பாடம் பொய்க்கவில்லை. வேலையில்லாத ஆட்களும் சும்மா கிடக்கும் இயந்திரமும், அவற்றை ஓட்டத் தேவையான எரிபொருளும் இருக்கும்போதுதான் கூடுதல் கேள்வி கூடுதல் உற்பத்தியாகும். எரிபொருள் வாங்க டொலர் இல்லாத இடத்தில் அதே கேள்வி விலையேற்றமாகவும் வரிசையாகவும்தான் வெளியே வரும். அந்த வரிசைகளில் நாம் எல்லாரும் நின்றோம்.

அப்ப காசு அடிச்சதுதான் பிழை, வரியைக் குறைச்சது பிழையில்லை எண்டு சொல்லலாமா?

இரண்டையும் பிரிக்க ஏலாது. வரி குறைந்ததால் ஓட்டை வந்தது, ஓட்டையை அடைக்கப் பணம் வந்தது. வேறு வழியில் அடைத்திருக்கலாம் என்றால் செலவை வெட்டியிருக்க வேண்டும், கொரோனாக் காலத்தில் அதைச் செய்வது கொடுமை. 2023இன் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் இப்போது அந்தப் பாதையை மூடிவிட்டது. அரசு வெளியிடும் உண்டியலை மத்திய வங்கி முதல் விற்பனையில் நேரடியாக வாங்க முடியாது. பட்ஜெட் பற்றாக்குறைக்கு இனி யாராவது உண்மையில் சேமித்த காசுதான் வர வேண்டும்.

நாடு விழுந்து கிடக்கேக்க வரியைக் கூட்டினாங்களே. அது பாடத்துக்கு நேர்மாறில்லையா?

நேர்மாறுதான். 2022இல் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது, 2023இலும் சுருங்கியது. பாடப்புத்தகம் சொல்லும் மருந்து, வரியைக் குறை, செலவைக் கூட்டு. நடந்தது, 2023 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் உழைப்பவருக்கு 6இலிருந்து 36 சதவீதம் வரை வருமான வரி, மின்கட்டண உயர்வு, வற் உயர்வு. சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் ஒப்புதல் கொடுத்த ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் திட்டத்தின் நடுத்தூணே வட்டி தவிர்த்த செலவைவிட வருமானத்தைக் கூட்டுவதுதான்.

பாடப்புத்தகத்தின் மருந்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. கடன் கொடுக்க ஆள் இருக்க வேண்டும். 2022இல் நமக்கு யாரும் இல்லை. ஆகவே திசையில் தெரிவு இருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சுமையை யார்மேல் வைப்பது என்பதில் தெரிவு இருந்தது. நாணய நிதியத்தின் சொந்த ஆய்வாளர்கள் பிளான்சார்ட்டும் லீயும் ஐரோப்பாவை வைத்து 2013இல் எழுதியதைப் பாருங்கள். நெருக்கடிக் காலத்தில் வெட்டினால் வரும் வீழ்ச்சி முன்கணிப்பாளர்கள் நினைத்ததைவிடப் பெரிது. பெருக்கி ஏறும்போது மட்டுமில்லை, இறங்கும்போதும் பெருக்கும்.

அவ்வளவு வரியும் ஏத்தினாப் பிறகு 2024இல 5 சதவீதம் வளர்ந்தது எப்பிடி?

கூட்டுக் கேள்விக்கு நான்கு பகுதி என்று சொன்னேன். இறைக்கொள்கை இறுக்கிப் பிடித்தபோது மற்றவை கூடின. 2023 மார்ச்சில் 15.5, 16.5 சதவீதமாக இருந்த மத்திய வங்கியின் கொள்கை வட்டிகள் இறங்கி, 2024 நவம்பரில் ஒற்றைக் கொள்கை வீதமாக 8க்கு வந்தன. கடன் மலிவாகியது. 2024இல் 20 இலட்சத்துக்கு மேல் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள், நிலாவெளி அதை நேரில் கண்டது. வெளிநாட்டிலிருந்து வரும் காசும் வங்கி வழிக்குத் திரும்பியது.

நிரம்பல் (பொருள் வழங்கல்) பக்கத்தையும் மறக்கக் கூடாது. எரிபொருளும் மின்சாரமும் வந்ததால் பூட்டிக்கிடந்தவை திறந்தன. இது பள்ளத்திலிருந்து ஏறிய வளர்ச்சி. வரி ஏற்றியதால் வளர்ந்தது என்று விடை எழுதும் பிள்ளைக்கு நான் புள்ளி போடமாட்டேன். வரி ஏற்றியும் வளர்ந்தது என்று எழுதிக் காரணத்தைக் காட்டினால் போடுவேன்.

பாங்கில லோன் கேட்டா வட்டி வானத்தில. அரசாங்கம் கடன் வாங்கிறதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

விடுதியைப் பெருப்பிக்க நினைத்த ஒருவர் 2022 கடைசியில் கேட்டது. அந்த நேரம் மூன்று மாதத் திறைசேரி உண்டியலின் வட்டியே 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அரசுக்குக் கொடுத்தால் 30 கிடைக்கும் என்றால், சீசன் பிழைக்குமா என்று தெரியாத ஒரு விடுதிக்கு வங்கி ஏன் அதைவிடக் குறைவாகக் கொடுக்கும்? இதைத்தான் வெளித்தள்ளல் என்கிறோம். அரச செலவு கூடிய அளவில் ஒரு பங்கைத் தனியார் முதலீடு இழக்கிறது.

ஆனால் எப்போதும் அப்படி நடக்காது. வங்கிகளில் காசு தேங்கி, கடன் கேட்க ஆளில்லாமல் இருக்கும் மந்த காலத்தில் அரசு கடன் வாங்கினால் யாரும் வெளியே தள்ளுப்படமாட்டார்கள்.

இண்டைக்கு வரியைக் குறைச்சா நாளைக்கு ஏத்துவாங்கள் எண்டு சனம் சேமிச்சு வைக்காதா?

பொருளியலாளர் றிக்கார்டோவின் பெயரால் சொல்லப்படும் சமநிலை வாதம் இது. றொபேட் பறோ 1974இல் இதைப் புதுப்பித்தார். சனம் தூரம் பார்த்து, தேவையான அளவுக்குச் சேமிக்கக்கூடிய நிலையில் இருந்தால் வரிக்குறைப்பு கேள்வியை அசைக்காது. மாத முடிவில் கடன் கொப்பியில் பெயர் இருக்கும் குடும்பத்துக்கு இது பொருந்தாது. கொஞ்சம் வசதியானவர்களுக்கு ஓரளவு பொருந்தும்.

மண்ணெண்ணெய் 87இலயிருந்து 340க்குப் போனது. அதுவும் இறைக்கொள்கைதானா தம்பி?

ஓம் ஐயா, அதுவும்தான். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. அதுவரை குறைந்த விலைக்கு விற்று வந்த நட்டத்தை அரச கூட்டுத்தாபனம் சுமந்தது. அது கடைசியில் அரசின் தலையில் விழும் மறைமுக மானியம். பட்ஜெட் புத்தகத்தில் ஒழுங்காகத் தெரியாது, ஆனால் மானியம்தான்.

சின்ன வள்ளங்களின் வெளியிணை இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. விலை நாலு மடங்கானதும் கடலுக்குப் போகும் நாட்கள் குறைந்தன. கரையில் நிற்கும் வள்ளத்துக்கு வருமானம் இல்லை, அந்த வீட்டின் நுகர்வு விழுந்தது. அதே நேரம் மீன் வரத்தும் குறைந்து விலை ஏறியது. ஒரே முடிவு கேள்வியையும் நிரம்பலையும் சேர்த்து அடித்தது. எல்லாருக்கும் விலையைக் குறைத்து வைப்பதற்குப் பதிலாக மீனவருக்கு நேரடியாகக் காசு கொடுத்திருந்தால் அரசுக்குச் செலவும் குறைந்திருக்கும், வள்ளமும் ஓடியிருக்கும். மானியத்தை எடுக்கும் முன்பே அந்த ஏற்பாட்டைச் செய்திருக்க வேண்டும்.

பாலம் கட்டினா கட்டுற மட்டும்தானே சேர் வேலை? பிறகென்ன கேள்வி?

கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு பிள்ளை கேட்டது. கட்டும் காலத்தில் கூலி, மணல், சீமெந்து, சாப்பாடு என்று கேள்வி கூடும். முடிந்ததும் அந்தப் பங்கு நின்றுவிடும், உண்மை. ஆனால் மூலதனச் செலவுக்கு இரண்டாவது வாழ்க்கை ஒன்று உண்டு, அது நிரம்பல் பக்கத்தில். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை ஒவ்வொரு சாமானும் மிதப்புப் பாதையில் (ஆட்களையும் சாமான்களையும் கடத்தும் மிதவையில்) ஏறி, நேரம் பார்த்துக் கடக்க வேண்டியிருந்தது. 396 மீற்றர் பாலம் வந்த பிறகு மீனும் நெல்லும் மாடும் நேரம் பார்க்காமல் நகருக்கு வருகின்றன. போக்குவரத்துச் செலவு குறைந்தால் அதே கேள்விக்கு விலை ஏறாமல் கூடப் பொருள் கிடைக்கும். சம்பள உயர்வால் இதைச் செய்ய முடியாது.

கட்டாமல் விட்டால், பிந்தினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே ஊரே சாட்சி. குறிஞ்சாக்கேணியில் பாலவேலை முடியாமல் இருந்த காலத்தில், 2021 நவம்பர் 23ஆம் திகதி மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள். பெருக்கி, விகிதம் என்று பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அரசாங்கம் ஒண்டும் செய்யாமலே கேள்வி சரியாகுமாமே, தானியங்கி எண்டு?

தன்னியக்க நிலைப்படுத்திகள். வருமானம் விழுந்தால் கட்டும் வரியும் தானாகக் குறையும், வேலை போனவருக்கு உதவிப்பணம் தானாகக் கிடைக்கும். இரண்டும் கேள்வி முழுவதுமாக விழாமல் தாங்கும். நம்மிடம் இது பலவீனம். வேலையிழப்புக் கொடுப்பனவு என்று பொதுவான ஒன்று இல்லை. வருமான வரி கட்டுபவர்களும் குறைவு. 2025 ஏப்ரலிலிருந்து மாதம் ஒன்றரை இலட்சம் வரை வருமான வரியே இல்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் அரசு புதிதாக முடிவெடுத்து, பட்டியல் தயாரித்து, முறைப்பாடு கேட்டு, பிறகுதான் காசு வருகிறது. 2020இல் 5,000 ரூபா கொடுத்தபோதும் பட்டியலில் பெயர் இல்லை என்று கிராம சேவகர் அலுவலக வாசலில் எத்தனை பேர் நின்றார்கள் என்பது தெரிந்ததுதானே.

கனடாவிலயிருந்து அண்ணா அனுப்புற காசும் இதுக்குள்ள வருமா?

இறைக்கொள்கைக்குள் வராது. அண்ணாவின் காசை வீட்டில் செலவழித்தால் நுகர்வு, வீடு கட்டினால் முதலீடு. ஆனால் அது டொலராக வருவதால், இறக்குமதி உடைப்புக்குத் தேவையான டொலரையும் கூடவே கொண்டுவருகிறது. சம்பள உயர்வு அதைக் கொண்டுவராது.

மாகாண சபை தன்ர பாட்டுக்குக் கூடச் செலவழிச்சா எங்கட மாகாணமாவது தேறாதா?

மாகாண சபையின் கையில் உள்ள காசில் பெரும்பங்கு நிதி ஆணைக்குழுவின் சிபாரிசின்படி மத்திய அரசு ஒதுக்கும் மானியம். சொந்த வரி வருமானம் சிறிது, நினைத்தபடி கடன் வாங்கவும் முடியாது. பற்றாக்குறை வைத்துச் செலவழிக்க முடியாத ஒரு நிர்வாகத்தால் தனியாக இறைக்கொள்கை நடத்த முடியாது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்த பின் தெரிவுசெய்யப்பட்ட சபை பல வருடம் இல்லாமலேயே ஆளுநரின் கீழ் நிர்வாகம் நடந்தது. கிடைத்த காசை எந்த வீதிக்கு முதலில் போடுவது என்று சபையில் விவாதிக்கும் வாய்ப்பும் இல்லாமல் போனது.

இன்னொன்று, மாகாணம் சிறிதாக இருப்பதால் உடைப்பு பெரிது. இங்கே செலவழிக்கும் காசு வெளிநாட்டுக்கு மட்டுமில்லை, தம்புள்ளை மரக்கறிக்கும் கொழும்பு மொத்த வியாபாரிக்கும்கூடப் போகும்.

வட்டி தவிர்ந்த செலவுக்கு 13 சதவீத வரம்பு எண்டு சட்டம் வந்திருக்காம். அது நல்லதா கெட்டதா?

2024இன் 44ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டம். வட்டி தவிர்ந்த அரச செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 2019இல் நடந்தது போன்றதை இது நிறுத்துமா என்றால், நிறுத்தாது. அது செலவில் வந்த பிழையில்லை, வருமானத்தில் வந்த பிழை. வரியைக் குறைப்பதற்கு இந்த வரம்பில் தடையில்லை.

எனக்குள்ள கவலை வேறு. அந்த 13க்குள் சம்பளம், ஓய்வூதியம், நலன்புரி, மூலதனச் செலவு எல்லாம் அடங்கும். சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்ட எந்த அரசாலும் ஏலாது. இடம் இறுகும்போது தள்ளிப்போடப்படுவது வீதியும் பாலமும் வாய்க்காலும்தான், ஏனென்றால் இன்னும் கட்டாத பாலத்துக்காக யாரும் வேலைநிறுத்தம் செய்யமாட்டார்கள். மொத்தச் செலவு எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல், மூலதனச் செலவுக்கு ஒதுக்கியதில் வருட முடிவில் எவ்வளவு உண்மையில் செலவானது என்ற வரியைத் தேடிப் பாருங்கள். ஒதுக்கீடு பட்ஜெட் உரையில் வரும், செலவான தொகை நிதி அமைச்சின் ஆண்டறிக்கையில் வரும். இரண்டும் ஒரே தொகையாக இருப்பது குறைவு.